பிள்ளைகளும் வீட்டுப் பிராணிகளும்



"பாஸ்டர், பிள்ளை நாய்க்குட்டி வேண்டுமென்று அழுகிறான், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கும் பெற்றோர் நம்முடைய சபைகளில் பெருகி வருகிறார்கள். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர்கள் நாம். சொந்த ஊரில் நாயும் பூனையும் கோழியும் ஆடும் ஒருவரும் விலைகொடுத்து வாங்காமலே வீட்டோடு இருந்தன. பிள்ளைகள் அவைகளோடு புழங்கி வளர்ந்தார்கள். கரமனையில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் வளரும் பிள்ளைக்கோ ஒரு நாய்க்குட்டி என்பது பெரிய தீர்மானம். ஆகவே நான் அவர்களிடம் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைக்கு என்ன வயது என்பதே.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நாய் ஒரு பொம்மை. வாலை இழுக்கும், காதைத் திருகும், கண்ணில் விரலை விடும். அதற்கு வலிக்கும் என்று அறியும் பருவம் இன்னும் வரவில்லை. நாயோ கடிப்பதற்கு முன்பு தனக்குரிய பாஷையில் எச்சரிக்கிறது. உடல் விறைக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உதட்டை நக்குகிறது, மெல்ல உறுமுகிறது. சிறுபிள்ளைக்கு இவை ஒன்றும் விளங்காது. பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்றே எண்ணிக்கொள்ளும். பிள்ளையின் முகமும் நாயின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால், பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும் படுகிற கடி சிறுவருக்கு முகத்திலும் கழுத்திலும் படுகிறது. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்கிற சாட்சியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தின்றுகொண்டிருக்கிற நாயும், தூங்குகிற நாயும், குட்டிகளோடு படுத்திருக்கிற நாயும் வேறு. எவ்வளவு சாதுவானதாயினும், இந்த வயதுப் பிள்ளையை அதனோடு தனியே விட்டு அடுப்படிக்குப் போகலாகாது. இப்பருவத்துக்கு மீன்தொட்டி போதும்.

வெறிநாய்க்கடியைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டில், தடுப்பூசி போடத் தொடங்கிய பின்பும் சிறுபிள்ளைகள் இந்நோயால் மரித்த செய்திகள் கேரளத்தையே கலங்கச் செய்தன. சந்தேகத்துக்குரிய பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர் தமது தடுப்பூசியை முதன்முதலாகப் போட்டது ஒன்பது வயதுச் சிறுவனுக்கு. நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் உலகில் மிக அரிது. ஆகையால் முதல் சில மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கடித்த இடத்தைக் குழாயில் ஓடும் நீரிலே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக்கூடாது. அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தோலுக்குள் போடும் ஊசி முதல் நாளிலும், பின்பு 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போடப்படுகிறது. இரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் செலுத்துவார்கள். தலையிலும் முகத்திலும் பட்ட கடி மூளைக்கு அருகில் இருப்பதால் அதிக ஆபத்தானது. வேண்டுதலை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவிலும் ஏறெடுக்கலாம். அதற்காக ஒரு மணி நேரத்தையும் தாமதிக்க வேண்டியதில்லை.

மற்றொன்று. பிள்ளைகள் நாய்க்கடியை மறைக்கிறார்கள். பள்ளி விட்டு வரும் வழியில் குட்டியைத் தூக்கியதற்கு அம்மா அடிப்பாளே என்ற பயத்தினாலே, சிறு கீறலைச் சட்டைக் கைக்குள் மறைத்துவிடுகிறார்கள். "நீ என்ன செய்திருந்தாலும் சொல், அடிக்கமாட்டேன்" என்று கடிபடுவதற்கு முன்னமே சொல்லி வைத்திருக்கிற வீட்டில்தான் பிள்ளை வாய் திறக்கும். தகப்பன்மாரே, இதை இன்று இரவே சொல்லுங்கள்.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை நல்ல காலம். தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்புவதையும், உணவு வைப்பதையும், உரோமத்தைச் சீவுவதையும் பிள்ளை ஆவலோடு செய்யும். ஆகிலும் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் சுமத்துவது தகாது. பரீட்சை வந்தால் மறந்துபோகும், பட்டினி கிடப்பது அந்த வாயில்லாத ஜீவன். குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், மாநகராட்சியில் உரிமம் எடுப்பதும் பெற்றோரின் கடமை. அடுக்குமாடிச் சங்கத்தார் பிராணி வளர்ப்பதை முற்றிலும் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. அதைச் சொல்லிச் சண்டைக்கு நிற்பதைவிட, படிக்கட்டை நாம் சுத்தமாக வைத்துக்கொள்வது அதிகப் பலன் தரும். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கிற விசுவாச வீடுகளும் உண்டு. நம் நாட்டுக் கிளியை வீட்டில் அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அநேகர் இதை அறியாமலே அதற்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இனி வாலிபப் பிள்ளைகளுக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, நம்முடைய விழிஞ்ஞத்துக்கு அருகிலுள்ள அடிமலத்துறைக் கடற்கரையில் புருனோ என்னும் லாப்ரடார் நாயை மூன்று பேர் அடித்துக் கொன்றார்கள். கைதான அந்த மூவரில் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பாதவன். கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, அந்த வழக்குக்கே புருனோவின் பெயரைச் சூட்டியது. வளர்ப்புப் பிராணிகளுக்கு உள்ளாட்சியில் உரிமம் பெறும்படியான ஒழுங்கும் அவ்வழக்கில் உறுதியாக்கப்பட்டது. அந்தக் காணொளியை நான் முழுவதும் பார்க்கவில்லை, பார்க்க மனமில்லை. ஆனால் எங்கள் வாலிபர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினேன். ஒருவன், "நாய்தானே பாஸ்டர்" என்றான். வேதத்தில் நாயைப் பற்றிய நல்ல வார்த்தைகள் குறைவு என்பது உண்மையே; அதைச் சாக்காகச் சொல்லுகிறவர்களையும் அறிவேன். தாவீதின் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி தெரிந்துகொண்ட கதையோ, ஏழை ஒருவன் தன் பிள்ளைகளோடு வளர்த்த, அவன் பாத்திரத்திலிருந்தே குடித்த ஆட்டுக்குட்டியைப் பற்றியது. அதைக் கேட்ட ராஜாவுக்குக் கோபம் மூண்டது. "நாய்தானே" என்கிற பிள்ளைக்கு அந்தக் கோபம் வருகிறதா என்று பாருங்கள். சிறுவயதில் ஓணானைக் கல்லெறிந்து கொன்றபோது சிரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் யார் என்றும் விசாரித்துப் பாருங்கள்.

நாய் பத்து முதல் பதின்மூன்று வருடம் உயிர்வாழும். ஆறு வயதில் குட்டியைப் பெற்ற மகன் பதினெட்டு வயதில் பெங்களூருக்குப் படிக்கப் போய்விடுகிறான். அப்போது அந்தப் பிராணிக்குக் கண் மங்கி, படியேற முடியாமல், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் வயது. அதைப் பராமரிப்பது தாயும் தகப்பனும்தான். வாங்கும் நாளிலேயே இதைக் கணக்கிட்டுச் செலவையும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். முடியாதென்று தோன்றினால் வாங்காதிருப்பது பாவமல்ல. வாங்கிய பின் வேறு ஏரியாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதுதான் கொடுமை. தெருவில் திரியும் பட்டைபோட்ட நாய்கள் அதற்குச் சாட்சி.

நாய் மரித்தால் பிள்ளையிடம் பொய் சொல்லலாகாது. "தூங்குகிறது" என்று சொன்னால் சின்னப் பிள்ளை தானும் தூங்கப் பயப்படும். "பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்" என்றால் வாசலையே பார்த்துக் காத்திருக்கும். ஐந்து வயது வரையில், மரித்தது திரும்பிவரும் என்றே பிள்ளை நினைக்கிறது. ஒன்பது பத்து வயதில்தான் இனி வராது என்பது முழுவதும் விளங்குகிறது. அந்த வயதின் அழுகையை "ஒரு நாய்க்காகவா" என்று அடக்காதீர்கள். அநேகருக்கு இதுவே வீட்டில் காணும் முதல் மரணம். பின்னாளில் தாத்தாவின் பெட்டியருகே நிற்கும்போது இந்த நாளைத்தான் அவர்கள் நினைப்பார்கள்.

எங்கள் சபையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து, தன் நாய் பரலோகத்துக்குப் போகுமா என்று கேட்டான். அதைக் குறித்து வேதத்தில் எழுதியிருக்கவில்லை, எழுதியிராததை நான் சொல்லமாட்டேன், ஆனால் குருவிகளையும் மறவாதவர் உன் நாயை அறிந்திருந்தார் என்றேன். அவன் சற்று யோசித்தான். பிறகு, அதன் கழுத்துப்பட்டையை அம்மா எறிந்துவிடச் சொல்கிறாள், தான் வைத்துக்கொள்ளலாமா என்றான். அவன் தாயை அழைத்து, வைத்துக்கொள்ளட்டும் அம்மா என்று சொன்னேன்.