வண்டி பார்க்கிற கூலி

பழைய பைக் வாங்க மணலூர்பேட்டைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் சீட்டைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள். 2024 டிசம்பருக்குப் பிறகு வந்த பழக்கம் இது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை ஆறு கரையோர ஊர்களுக்குள் ஏறியது. வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகள் முழுகின. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றைக் கழுவி, சீட் கவர் மாற்றி, பாலிஷ் போட்டுக் கைமாற்றிவிட்டவர்களும் உண்டு என்கிறார் நான் பார்க்கப் போன மெக்கானிக்.

திருவண்ணாமலை சாலையில், ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் அவருடைய பட்டறை. ஐம்பதைத் தாண்டியவர். ரிப்பேர் வேலை பையன்கள் பார்க்கிறார்கள். அவர் பார்ப்பது வேறு வேலை: யாராவது பழைய வண்டி வாங்குவதென்றால் அதைச் சோதித்துச் சொல்வார். கூலி 300 ரூபாய். வண்டியைத் தொடுவதற்கு முன்பே வாங்கிவிடுவார். பேரம் முடிந்தாலும் அதே 300, முடியாவிட்டாலும் அதே 300. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகத்தான் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்று வந்திருந்த வண்டி 2019 ஜனவரியில் பதிவான ஸ்ப்ளெண்டர் பிளஸ். விழுப்புரத்தின் 32 நம்பர். விற்பவர் மூங்கில்துறைப்பட்டு பக்கத்துக் கரும்பு விவசாயி. வாங்க வந்தவன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பையன். கூடவே அவனுடைய மாமா. நடுவில் ஒரு புரோக்கர். 46,000 சொன்னார் விவசாயி. 35,000-க்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்றார் மாமா. 40,000-த்தில் முடித்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் இரண்டு பக்கமும் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தால், கொண்டு வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து பழக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; குளிரில் கிளம்ப மறுக்கிற இன்ஜினின் குணம் அதில் மறைந்துபோகும். வண்டி ஆறியிருந்தது. இரண்டாவது உதையில் பிடித்தது. சைலன்சர் முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்தார்; எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவில்லை, நீலப் புகையும் இல்லை. ரிங் நன்றாக இருக்கிறது. மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டியது. அதை அவர் நம்புவதில்லை. கியர் லீவர் ரப்பரையும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் விரலால் தடவிப் பார்த்தார். "மீட்டர சுத்திடலாம்ணே, ரப்பர சுத்த முடியாது" என்றார் என்னிடம். தேய்மானம் மீட்டரோடு ஒத்துப்போனது.

பிறகு சீட். அடியிலிருக்கும் ஒயரிங் கப்ளர்களைக் கழற்றினார். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஹெட்லைட் டூமைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். ஆற்று வண்டல் மாவு மாதிரி நைசாக அங்கேதான் தங்கும், எந்த வாட்டர் வாஷும் அதை எடுக்காது. கடைசியாக ஆயில் ஸ்டிக். முழுகிய வண்டியென்றால் ஆயில் கலங்கி வெளுத்திருக்கும். ஆயிலை மாற்றி மறைத்தாலும் மூடியின் உட்புறத்தில் ஆடை படிந்திருக்கும். எதுவும் இல்லை. "தண்ணி பாக்காத வண்டி" என்று சத்தமாகச் சொன்னார். விவசாயி முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது.

அந்தத் தெளிவின் மதிப்பை எண்ணிப் பார்த்தேன். 1970-இல் ஜார்ஜ் அகர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். வாங்குபவனுக்கு நல்ல வண்டி எது, கெட்டது எது என்று தெரியாதபோது, எல்லா வண்டிக்கும் பயந்து பயந்துதான் விலை கேட்பான். அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் நல்ல வண்டி வைத்திருப்பவன் விலகிவிடுவான். சந்தையில் மிஞ்சுவது சொத்தை வண்டிகள். வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் அதே கதைதான் என்கிறார் மெக்கானிக். வண்டியை ஒழுங்காக வைத்திருந்தவன் அதை மச்சானுக்கோ பங்காளிக்கோ கொடுத்துவிடுகிறான், பட்டறைக்கே வருவதில்லை. மாமா கேட்ட 35,000-த்தில் இருந்ததும் கஞ்சத்தனம் அல்ல, பயம்.

விலை பேச உட்கார்ந்தபோது மெக்கானிக் ஒரு பழைய டைரியை எடுத்தார். திருக்கோவிலூர், சங்கராபுரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் அவருக்குத் தெரிந்து கைமாறிய வண்டிகளின் மாடல், வருஷம், போன விலை. போன் விளம்பரங்களில் இருப்பது கேட்கிற விலை. இதில் இருப்பது கொடுத்த விலை. அவருடைய அப்பா மாட்டுத் தரகர். திருவண்ணாமலை கார்த்திகை தீப மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவர். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் தரகரின் பிழைப்பு இருந்தது. மகன் அந்த டைரியை யார் கேட்டாலும் நீட்டுகிறார்.

குறை எதுவும் இல்லாத 2019 ஸ்ப்ளெண்டர் 45,000 போயிருந்தது. அதிலிருந்து கழிக்க ஆரம்பித்தார். செயின் ஸ்பிராக்கெட் 1,400. ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் தட்டுகிறது, கோன் செட் மாற்ற 600. கிளட்ச் பிளேட் 900. சமவெளியில் இன்னும் ஒரு வருஷம் ஓடும், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிறவனுக்கு ஓடாது. இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த ஐந்து வருஷம் முடிந்ததையே கவனிக்காமல் ஓட்டுபவர்கள் ஏராளம். 75 சிசி முதல் 150 சிசி வரை 2022-இல் நிர்ணயித்த பிரீமியம் 714 ரூபாய், வரியோடு 843.

பின் டயருக்கு 1,900 என்றதும் விவசாயி மறித்தார். "பாதி தேஞ்ச டயரோடதானே நான் விக்கிறேன். அவரு புது டயருல ஓட்டறதுக்கு முழுக் காசும் நானா குடுக்கணும்?" நியாயமான கேள்வி. 45,000 என்பதே ஆறேழு வருஷம் ஓடிய வண்டியின் விலை. ஓரளவு தேய்ந்த டயர் அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. மெக்கானிக் கொஞ்ச நேரம் யோசித்து 950 என்று திருத்தினார். மாமாவும் தலையாட்டினார். கழிவு 4,693. அட்டையில் கூட்டிக் கழித்து 40,300 என்று எழுதினார்.

புரோக்கர் சொன்ன 40,000-த்துக்கும் இதற்கும் 300 ரூபாய்தான் வித்தியாசம் என்று தோன்றலாம். விவசாயி முதலில் 60,000 சொல்லியிருந்தால் புரோக்கரின் நடுவிலை 47,000-த்தைத் தாண்டியிருக்கும். இந்தக் கணக்கு அப்போதும் 40,300-லேயே நின்றிருக்கும். புரோக்கர் கெட்டவர் இல்லை. விற்றால்தான் அவருக்குக் கமிஷன், அதனால் "செயின் போயிடுச்சு" என்று அவர் வாயிலிருந்து வராது. குறையைச் சொல்வதற்குக் கூலி தனியாக இருந்தால்தான் குறை வெளியே வரும்.

விலை படிந்தது. பேப்பர் விஷயத்தில்தான் நான் அதிகம் பயந்தேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் விற்பவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி, வாங்குபவர் பெயரைக் காலியாக விடுவது ஊர் வழக்கம். அடுத்தவனுக்கு விற்க அது வசதி. அதற்குள் வண்டி யார் மீதாவது மோதினால் என்ன ஆகும்? 2018-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கில்தான் தெளிவாகச் சொன்னது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் நஷ்டஈடு அவர் பொறுப்பு. விற்றதை 14 நாளில் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவும் சொல்கிறது. கரும்புக் காசை நம்பி வாழ்கிறவர் எட்டு லட்சம், பத்து லட்சம் நஷ்டஈட்டை எங்கிருந்து கொடுப்பார்?

விவசாயிக்கு இதெல்லாம் புதிது. மெக்கானிக் நிதானமாக விளக்கினார். பையனின் ஆதாரைப் பார்த்து ஃபாரங்களைப் பூர்த்தி செய்ய வைத்தார். ஃபைனான்ஸ் கடன் முடிந்ததற்கான என்ஓசி இருந்தது, ஆனால் ஆர்சியில் அடமானக் குறிப்பு இன்னும் நீங்கவில்லை. அதை நீக்குவதற்கான 35-ஆம் ஃபாரமும் சேர்ந்தே போக வேண்டும் என்று தனியாக எடுத்து வைத்தார். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் எழுதச் சொன்னார்: மாலை 4.40.

பிறகு இருவரிடமும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு வாங்கினார். ஆர்சியில் பையன் பெயர் ஏறியதும் இரண்டும் அவரவருக்குத் திரும்பிவிடும். அதுவரை டைரிக்குள் இருக்கும். மாமா சாவிக்குக் கையை நீட்டினார். "இன்சூரன்ஸ் போட்டுட்டு வாங்க மாமா, அப்பறம் தரேன்" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஞ்சர் ஒட்ட வந்திருந்த எக்ஸ்எல்லின் பக்கம் போனார் மெக்கானிக்.