பேர் மட்டும் மிச்சம்!

எக்ஸிபிஷன் பார்க்க நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு எத்தனை தடவை போயிருப்போம்? அதே மவுன்ட்-பூந்தமல்லி ரோட்டில்தான் இருக்கிறது 'மெட்ராஸ் வார் செமட்ரி'. பச்சைப் புல்வெளி, வரிசை வரிசையாக 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். எல்லோரும் இரண்டாம் உலகப்போர் காலத்தில் இறந்தவர்கள். பல ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளைப் பராமரிக்கவே 1952-ல் இந்த இடம் உருவானது.

நான் தேடிப்போனது சுபேதார் சுப்ரமணியனை. காஞ்சிபுரம் பக்கத்து கிராமத்துக்காரர். 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு.

1944 பிப்ரவரி 24. இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. பின்னால் வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். சில நொடிகளில் வெடித்துவிடும். ஓடியிருக்கலாம். ஆனால், சுப்ரமணியன் அதன் மேலேயே விழுந்து, மற்றவர்களைக் காப்பாற்றினார். மறைவுக்குப் பின் 'ஜார்ஜ் கிராஸ்' விருது கிடைத்தது.

நந்தம்பாக்கத்தில் அவர் பேர் இல்லை. அட, நம்ம ஊர்க்காரருக்கு நம்ம ஊரில் இடம் இல்லையா?

வீட்டுக்கு வந்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வெப்சைட்டில் தேடினேன். அங்கேதான் விடை. கல்லறையே கிடையாது! இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் வழக்கப்படி தகனம் செய்துவிட்டார்கள். இத்தாலியின் சாங்ரோ நதிக்கரைப் போர்க் கல்லறையில், அப்படி எரிக்கப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய ராணுவத்தினருக்காக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதில் அவர் பேரும் ஒன்று. பூ வைக்க ஒரு பிடி மண்கூட இல்லாதவருக்கு, அந்தப் பேர்தான் சமாதி!

நீங்களும் தேடலாம் ஃப்ரெண்ட்ஸ். சின்ன டிப்ஸ்: இங்கிலீஷில் பேரை எப்படியெல்லாம் எழுத முடியுமோ அப்படியெல்லாம் போட்டுப் பாருங்க. இவர் பேரே சில புத்தகங்களில் 'ன்' என்றும், சிலவற்றில் 'ம்' என்றும் முடிகிறது. படைப்பிரிவும் இறந்த தேதியும் தெரிந்தால் வேலை சுலபம்.

ஒரு விஷயம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31-க்குள் இறந்தவர்கள்தான் அந்த இரண்டாம் உலகப்போர் பட்டியலில் வருவார்கள். உயிரோடு திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து 'பர்மா கதை' சொன்ன தாத்தாக்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டிதான் ரெக்கார்டு ஆபீஸ். இந்த லீவுக்கு ஊருக்குப் போனால், பழைய பேப்பர்காரர் வருவதற்குள் அதைத் திறந்து பார்த்துடுங்க!