பச்சைப் புள்ளி

போன சனிக்கிழமை என் மகள் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிட்டது. சிறுசேரி சிப்காட் பூங்காவில் ஒரு கம்பெனியின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. (பட்டாம்பூச்சி போல நிற்கும் டி.சி.எஸ். கட்டடம் அல்ல, அது வேறு. அதை வடிவமைத்த கார்லோஸ் ஓட்தான் பாரீஸின் பஸ்தீய் ஓபரா அரங்கையும் வடிவமைத்தவர். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் இதைச் சொல்லாமல் விட முடியுமா?) அவளுக்காக நானும் சாப்பிடாமல் காத்திருந்தேன்.

"லீவு நாள்ல என்னம்மா வேலை?"

"லீவு நாள்லதாம்பா செய்ய முடியும். மாடிப்படி எமர்ஜென்சி லைட்டெல்லாம் டெஸ்ட் பண்ணினோம். மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கிட்டே இருக்கணும். பேட்டரி முழுசா இறங்கிடும். திரும்ப ஏற ஒரு நாள் ஆகும். அந்த நேரத்தில ஆபீஸ்ல ஆள் இருக்கக் கூடாதில்ல?"

ஒன்றரை மணி நேரம்! எனக்குச் சாதம் தொண்டையில் நின்றது.

1986இல் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எங்கள் மாடிப்படியில் இரண்டு எமர்ஜென்சி லைட்டுகள் மாட்டினார்கள். பெட்டி மாதிரி இருக்கும், மேலே இரண்டு கண். ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி எப்போதும் எரியும். மாதா மாதம் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பதிவேடு என் மேஜைக்கு வந்தது.

முதல் மாதம் ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியில் இருந்த பட்டனை அழுத்தினேன். இரண்டு கண்ணும் எரிந்தன. இறங்கி வந்து 'டெஸ்டட், ஓ.கே.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் மாதமும் ஏறினேன். அதன் பிறகு போகிற வழியில் பச்சைப் புள்ளியை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. கடைசியில் அதுவும் இல்லை. பதினான்கு மாதங்கள், பதினான்கு 'ஓ.கே.'

பச்சைப் புள்ளி சொல்வதெல்லாம் பெட்டிக்குக் கரண்ட் வருகிறது என்பதைத்தான். பட்டனை அழுத்தினால் பல்பு நன்றாக இருக்கிறதா என்று தெரியும். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை விளக்கை எரியவிட்டுக் காத்திருந்துதான் அறிய முடியும். வேறு வழியே கிடையாது. அதிலும் நம் ஊர் வெயிலுக்கு பேட்டரி சீக்கிரமே செத்துப்போகும். அமெரிக்காவில் மாதம் ஒருமுறை அரை நிமிடம், வருடம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் எரியவிட்டுப் பார்க்கிறார்கள். நம் தேசியக் கட்டட விதிகளும் 90 நிமிடம் என்றுதான் கேட்கின்றன. இதெல்லாம் மகள் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

நவம்பர் மாதம், நல்ல மழை. மாலை ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. பியூன் அண்ணன் இரண்டாவது மாடியில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. மாடிப்படி விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் பாதி இறங்கும்போது சிவந்து, மங்கி, அணைந்தது. கீழே இருந்த எனக்கு முதலில் சாவிக்கொத்து விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் விழுந்த சத்தம்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "லைட் எரியுதேன்னு தைரியமா இறங்கிட்டேன் சார். இல்லேன்னா தீப்பெட்டி கிழிச்சுக்கிட்டுப் பார்த்துப் பார்த்து வந்திருப்பேன்" என்றார். விளக்கே இல்லாதிருந்தால் விழுந்திருக்க மாட்டார்.

விசாரணை வந்தது. பதிவேட்டைக் கேட்டார்கள். பதினான்கு வரிகளும் சுத்தமாக இருந்தன. 'முறையாகப் பராமரிக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவர் அதன் பிறகு கைத்தடியோடுதான் நடந்தார். பென்ஷன் விஷயமாக வரும்போதெல்லாம், "என்ன சார், லைட்டெல்லாம் எரியுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்குத் தெரியும், அதில் குத்தல் கிடையாது.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்து, மேலே பால்கனியில் புகை சூழ்ந்தது. கரண்ட் போய்விட்டது. வழி காட்ட எமர்ஜென்சி விளக்கு இல்லை. கூடுதல் நாற்காலிகள் போட்டு வழியையும் குறுக்கியிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அன்று பூராவும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள், சொல்லவில்லை. அவளுக்குக் கடைசிவரை சொல்லவே இல்லை.

பள்ளியில் இரவு விளக்குக்குப் பிரெஞ்சில் 'வெயேஸ்' என்று படித்தோம். விழித்திருப்பவள் என்று பொருள்.

மகளிடம் கேட்டேன், "மொத்தம் எத்தனை லைட்டும்மா?"

"இருபத்தி ரெண்டு. அதுல ஆறு நாற்பது நிமிஷம்கூடத் தாங்கலைப்பா."

"ஜெனரேட்டர் இருக்கே, போதாதான்னு யாரும் கேக்கலையா?"

"கேக்காம இருப்பாங்களா? அது ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் படியில இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? தீப்பிடிச்சா மொத்த கரண்டையும் நிறுத்த வேண்டி வந்தாலும் வரும்னு சொன்னேன்."

"ரெஜிஸ்டர்ல என்ன எழுதினே?"

"ஆறும் ஃபெயில்னு எழுதினேன். எது எத்தனையாவது நிமிஷத்தில அணைஞ்சதுன்னும் எழுதினேன். மேனேஜர் கொஞ்சம் முகத்தைச் சுளிச்சார். ஆடிட் வருதாம்."

"கையெழுத்து?"

"நான்தாம்பா போட்டேன். ஏன் கேக்கறீங்க? சாதம் ஆறுது பாருங்க."

அப்போதுதான் அவளிடம் பியூன் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.