பானெட்டில் வைத்த கை

நாமக்கல் திருச்சி சாலையில் உள்ள அந்தக் கார் கன்சல்டிங்குக்குக் காலை ஆறரை மணிக்கே போய்ச் சேர்ந்தோம். நேரத்தைக் குறித்தவர் மெக்கானிக் அண்ணன். "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தாங்கன்னா நான் திரும்பிப் போயிருவனுங்க" என்று முந்தின நாளே சித்தப்பாவிடம் போனில் சொல்லியிருந்தார். வந்தவர் யாரிடமும் பேசவில்லை. இரண்டு கார்களின் பானெட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மார்கழிப் பனியில் இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. அதன் பிறகுதான் "திறங்க" என்றார்.

சித்தப்பாவுக்குக் கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் மிளகும் காப்பியும். வாரம் இரண்டு முறை கீழே வந்து போக ஒரு பழைய டீசல் கார் வேண்டும். நின்றிருந்தது ஒரு இண்டிகா, ஒரு இண்டிகோ. இரண்டும் டாடா, இரண்டிலும் அடிப்படை இன்ஜின் ஒன்றே, 1405 சிசி. 1998 கடைசியில் வந்த இண்டிகா டர்போ இல்லாதது, 53 குதிரைத்திறன் சொச்சம். நான்கு வருடம் கழித்து வந்த இண்டிகோவில் அதே இன்ஜினுக்கு டர்போ வைத்து 62 ஆக்கினார்கள். எண்ணிக்கையில் ஒன்பதுதான் கூடுதல். ஆனால் ஆள் ஏறி, டிக்கியில் மூட்டையும் ஏறிவிட்டால், ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் ஒன்பதாகத் தெரியாது. இழுவை அப்படி மாறும். நான் டர்போவின் பக்கம். "மலைக்குப் போற வண்டி சித்தப்பா, டர்போ இல்லாம எப்படி?" என்று ஒரு வாரமாக அவரிடம் வாதாடியிருந்தேன்.

என் வாதத்திலும் நியாயம் இருந்தது. சாதா டீசல் இன்ஜின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் இறங்கும்போது வெளியில் என்ன காற்று இருக்கிறதோ அதுதான் உள்ளே வரும். ஊட்டி உயரத்தில், 2240 மீட்டரில், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இழுவையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். டீசல் மட்டும் பழைய அளவிலேயே வந்துகொண்டிருப்பதால் கரும்புகை தள்ளும். டர்போ, வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தொடர் உற்பத்தியில் வந்த ஒரு டீசல் காருக்கு அது வந்து சேர்ந்ததோ 1978-இல், மெர்சிடிஸ் பென்ஸின் 300 எஸ்.டி.யில்.

அண்ணன் இண்டிகாவில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்தார். ஒரே சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெண்புகை வந்து அடங்கியது. ஆயில் மூடியைக் கழற்றி, திறந்த வாய்க்கு மேலே கையைக் குவித்து வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் அங்கே குப்குப்பென்று காற்று அடிக்கும். லேசாகத்தான் வந்தது. "இன்னும் ரெண்டு வருசம் தொட வேண்டாங்க. அதுக்கப்புறமும் ரிங்கு போட்டா ஓடும்."

இண்டிகோவை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றினார். விரலை உள்ளே விட்டுச் சக்கரத்தின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். பிறகு முன்னும் பின்னும். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "மேல கீழ கொஞ்சம் ஆடலாம். ஆயில் பிரஷர் வந்தா அது சரியாயிரும். முன்னும் பின்னும் ஆடவே கூடாது தம்பி." ஆடியது. என் விரலுக்கே தெரிந்தது. மானிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றியதும் உள்ளே ஆயில் தேங்கி நின்றது. ஈரப்பசை இருப்பது சகஜம், தேங்கி நிற்பது சகஜமில்லை என்றார். கன்சல்டிங்காரர் மறுக்கவில்லை, டர்போவைச் சரி செய்தே தருவதாகச் சொன்னார்.

என் வாதம் அங்கேயே தோற்றதாக நான் நினைக்கவில்லை. சரி செய்த டர்போ நல்ல டர்போதானே? "மலை ஏத்திப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணன். அந்த டர்போ இந்த ஒரு ஏற்றத்துக்குத் தாங்கும் என்று ஆயிலை மட்டும் நிரப்பினார். காரவள்ளியிலிருந்து தொடங்கும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இண்டிகோவில் சித்தப்பா, அண்ணன், நான். பின்னால் இண்டிகாவில் கன்சல்டிங்காரரும் அவருடைய பையனும்.

அந்தச் சாலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கொல்லிமலையில் நேர்ச்சாலை மிகக் குறைவு. ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. வளைவில் வேகம் குறைந்ததும் இன்ஜின் சுற்று விழுகிறது; புகையின் வேகம் குறைந்து டர்போ தூங்கிவிடுகிறது. வளைவிலிருந்து வெளியேறி ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றும் இல்லை. பிறகு விசில் சத்தத்தோடு ஒரே இழுப்பாக இழுக்கிறது. இழுக்கத் தொடங்கும்போது அடுத்த வளைவின் எண் பலகை கண்ணுக்குத் தெரிகிறது. சித்தப்பா மிதிப்பதும் விடுவதுமாக வியர்த்துப்போனார். சோளக்காட்டில் வண்டியை மாற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் கீழே போய்த் திரும்ப ஏறினோம். இண்டிகா முக்கியது. சில வளைவுகளில் முதல் கியர் கேட்டது. கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. ஆனால் எவ்வளவு மிதித்தாரோ அவ்வளவு கொடுத்தது. சித்தப்பாவின் தோள்கள் தளர்ந்ததைப் பின்சீட்டிலிருந்தே பார்த்தேன். இங்கே உயரமும் சுமார் 1200 மீட்டர்தான். காற்றில் குறைவது பத்தில் ஒரு பங்கு. தொப்பூர் கணவாய் மாதிரி நீண்ட ஏற்றத்தில், சுற்று விழாமல் ஒரே கியரில் போகும் சாலையில் இதே டர்போ ராஜாவாக இருந்திருக்கும்.

செம்மேட்டில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றதும், நின்ற அந்த நொடியிலேயே சாவியைத் திருப்பி அணைத்தார். அது அவருடைய நாற்பது வருடப் பழக்கம். டீசல் வீணாகக் கூடாது. அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. காப்பி வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு நான்-டர்போதாங்க சரி."

மலையேறி வந்த டர்போவின் சூடான பக்கம் நெருப்புப் போல இருக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடிய தண்டு அது. புஷ்ஷில் நேரடியாக உட்காராமல் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டமும் அதோடு நிற்கும். உள்ளே அகப்பட்ட ஆயில் வெந்து கரியாகப் படியும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். நாமக்கல் லாரி டிரைவர்கள் நிறுத்தியதும் வண்டியைக் கொஞ்ச நேரம் ஆற விடுவது இதற்காகத்தான். அந்த இண்டிகோவை விற்றவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் வண்டியை எப்படி நிறுத்தினார் என்பது அந்த ஹோஸில் தேங்கிய ஆயிலில் இருந்தது. பழைய டர்போ வண்டி வாங்குகிறவர் முந்தைய ஓட்டுநரின் பொறுமையையும் அவசரத்தையும் சேர்த்தே வாங்குகிறார். சாதா இன்ஜினும் அதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும், ஆனால் நிறைய மன்னிக்கும். அன்றைக்கு என் கட்சியை நான் மாற்றிக்கொண்டேன்.

மாற்றிக்கொள்வதற்கு முன் கடைசி முயற்சியாக, "இண்டிகாவுக்கே ஒரு டர்போ வச்சுட்டா?" என்று கேட்டேன். அண்ணன் தலையை ஆட்டினார். அந்தப் பழைய 300 எஸ்.டி. பென்ஸின் இன்ஜினுக்கு டர்போ வைத்தபோது பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்தார்கள். வெளியே ஒரு டர்போவை மாட்டிவிட்டால் உள்ளே இருப்பவை அந்தச் சூட்டுக்குப் பிறந்தவை ஆகிவிடாது.

அடுத்த வாரம் அந்த இண்டிகோ டர்போ திறக்கப்படுவதைப் பார்க்க நானே கேட்டுப் போனேன். சேலம் சாலையில் வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. வேலை செய்தவருக்கு முப்பது வயது இருக்கும். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளில் தொழில் பழகியவர். மற்ற மேஜைகளில் கிரீஸ் படிந்திருக்க, அவருடைய மேஜையில் மட்டும் துவைத்த வெள்ளைத் துணி விரித்திருந்தது. கழற்றுவதற்கு முன் ஹவுசிங்கின் ஒவ்வொரு மூட்டிலும் உளியால் சின்னப் புள்ளி வைத்தார். திரும்பப் பூட்டும்போது கோணம் மாறக் கூடாது. காற்றுப் பக்கத்துச் சக்கரத்தின் நட்டு இடப்பக்க மரை. தெரியாதவர்கள் வழக்கம்போல் திருப்பித் தண்டையே முறித்துவிடுவார்களாம். தண்டின் சூடான முனை நீலம் பாய்ந்திருந்தது. புஷ்ஷை வெயிலில் தூக்கிப் பிடித்து, அதன் உள்சுவரில் ஓடிய கோடுகளைக் காட்டினார்.

தண்டும் சக்கரங்களும் சேர்ந்தே வரும் புது கோர் வாங்கி மாட்டினால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். இப்போது பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். பேலன்ஸ் பார்க்கிற வேலை குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை இல்லை. எனக்குத்தான் மனம் கனத்தது. தண்டையும் சக்கரங்களையும் மெஷினில் சுழல விட்டு, நட்டின் ஓரத்தில் தூசியளவு உலோகத்தைத் தேய்த்து எடுத்து, மறுபடி சுழல விட்டு அளவு பார்க்கும் அந்தக் கைகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதைவிட என்னைத் தொட்டது ஒரு சின்னக் குழாய். டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிகிற குழாய். அதை நிமிர்த்திப் பிடித்து டீசல் ஊற்றினார். மறுமுனையில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. "இதப் பாக்காம புது டர்போ போட்டாலும் மூணு மாசத்துல திரும்ப இங்கதான் வரும் சார். வடிய வழியில்லாம ஆயில் சீலத் தாண்டிரும். டர்போ மேல பழி விழும்." குழாயைச் சூடாக்கி, செய்தித்தாள் விரித்து அதன் மேல் தட்டினார். காப்பித்தூள் வறண்டு கட்டி தட்டியது போல் கரி உதிர்ந்தது. அதில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தாளில் மடித்துக்கொண்டேன்.

செம்மேட்டில் சித்தப்பா அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, கரியை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இண்டிகாவை வாங்கி அப்போது நான்கு நாள் ஆகியிருந்தது. டர்போ இல்லாத அந்த வண்டியை ஆற விட வேண்டிய தேவை பெரிதாக இல்லை. மறுநாள் சாயங்காலம் நாமக்கல்லிலிருந்து ஏறி வந்தவர், வாசலில் நிறுத்திவிட்டு, சாவியில் கையை வைத்தபடி ஒரு நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.