தொலைவில் தேடுவானேன்?

கோடை விடுமுறை தொடங்கியதும் இல்லந்தோறும் ஒரு வினா எழுகின்றது: "இவ்வாண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?" வசதி உள்ளோர் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்கின்றனர். மற்றையோர் வேளாங்கண்ணிக்கு ஒருமுறை சென்று திரும்புகின்றனர். அதற்கும் இயலாதோர், "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளைத் தேற்றுகின்றனர். சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே வாழும் நம் குடும்பங்களுள் இம்மூன்றாம் வகையினரே மிகுதி. அவர்களை எண்ணியே இதனை வரைகின்றோம்.

வடசென்னை என்றதும் புகைபோக்கிகளும் சரக்கு லாரிகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. வெளியார் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவ்வாறே எண்ணுவதுதான் நம்மை வருத்துகின்றது. நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், உடன் பயில்வோர் ஊரைக் கேட்டால் "சென்னை" என்று கூறி நிறுத்திக்கொள்வாராம்; எண்ணூர் என்று சொல்ல நாணமாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின், அவரையும் இன்னும் சில இளைஞர்களையும், பெரியவர் இருவரையும் அழைத்துக்கொண்டு இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒருநாள் உலா சென்றோம். பேருந்து அமர்த்தவில்லை, மின்சார இரயிலே போதுமாயிருந்தது. வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த புளிச்சோறே விருந்தாயிற்று.

முதலில் கண்டது இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இங்கிருந்தே வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சென்ட்ரல் நிலையம் எழுந்தது 1873இல். அதுவரை நகரின் தலைவாயில் இராயபுரமே. 1853இல் இரயில் ஓடத் தொடங்கிய பம்பாயிலும் தானேயிலும் அக்காலத்து நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. எனவே நம் நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் இதுவே. அதன் உயர்ந்த தூண்களைத் தொட்டுப் பார்த்த மாணவி ஒருத்தி, "நாள்தோறும் இவ்வழியே போகிறேன், சாமி, ஒருநாளும் இறங்கியதில்லை" என்றாள்.

அங்கிருந்து நடந்து புனித இராயப்பர் ஆலயம் அடைந்தோம். இன்று பேதுரு என்று நாம் வழங்கும் திருத்தூதரை முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். ஊரின் பெயரும் அவரால் வந்தது என்பர். துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சீறும் அலைகளைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். ஆணி அடியாது கயிற்றால் தைத்த பலகைப் படகுகள் அவை. அலை மோதினால் உடையாது வளைந்து கொடுக்கும். அப்படகோட்டிகள் தம் உழைப்பின் பொருளால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியதே இவ்வாலயம். அண்மையிலேயே பார்சி மக்களின் தீக்கோயில் உள்ளது. 1910இல் தோன்றிய அது, தமிழகத்தில் அவர்களுக்குள்ள ஒரே தீக்கோயில். பிற சமயத்தார் உள்ளே செல்லும் வழக்கமில்லை ஆதலின் வெளியே நின்று வணங்கி வந்தோம்.

நண்பகலில் அறிஞர் அண்ணா பூங்காவின் மரநிழலில் உணவு உண்டோம். முன்னாளில் இராபின்சன் பூங்கா எனப்பட்ட இவ்விடத்தில்தான், 1949 செப்டம்பர் 18 அன்று, அண்ணா தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. பாடநூலில் படித்த நிகழ்ச்சி தாம் அமர்ந்திருந்த மண்ணில் நடந்தது என்றறிந்து இளைஞர்கள் வியந்தனர்.

பின்னர் இரயிலேறித் திருவொற்றியூர் சென்றோம். சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த தியாகராசர் கோயிலும், பெருவணிகராயிருந்து யாவும் துறந்த பட்டினத்தாரின் சமாதியும் அங்கே உள்ளன. அடுத்த நிலையமான விம்கோ நகர், முன்பு இங்கே இயங்கிய தீப்பெட்டி ஆலையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

இறுதியாக எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் இது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னைச் செல்வந்தர் படகுலாவுக்கும் ஓய்வுக்கும் நாடி வந்த ஊர் எண்ணூர் என்றால் இன்று யார் நம்புவர்? 1970 முதல் 2017 வரை இங்கோர் அனல் மின் நிலையம் இயங்கியது. சாம்பலும் ஆலைக் கழிவும் நீரைக் கெடுத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வலைகளும் படகுகளும் கறுத்தன. எம்முடன் வந்த மீனவப் பெரியவர், பறியைக் கொண்டு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்த நாள்களை விவரித்தார். "பறி என்றால் என்ன?" என்று சிலர் வினவினர். அது ஓலையால் முடைந்த கூடை என்று விளக்கியவர், எண்ணூர் என்று சொல்ல நாணிய அம்மாணவரே! அவருடைய பாட்டனாரும் அத்தொழில் செய்தவராம்.

அன்பர்களே, காணாததை யாரும் நேசிப்பதில்லை. நேசியாததைக் காக்க எவரும் முன்வருவதில்லை. பழைய நிலையத்தை இடித்தாலும், கழிமுகத்தைத் தூர்த்தாலும், அதனைத் தன்னுடையது என்று உணராத தலைமுறை வாய் திறக்காது. நாசரேத்தை இழிவாக எண்ணிய நத்தனியேலோடு பிலிப்பு வாதிடவில்லை; வந்து பார்க்கவே அழைத்தார். ஊரைப்பற்றி நம் பிள்ளைகளுக்கு நீண்ட அறிவுரை தேவையில்லை. அழைத்துச் சென்று காட்டுதலே போதும்.

இக்கோடையில் ஒரு ஞாயிற்றை இதற்கென ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கடலோரக் கற்குவியல்களின்மீது சிறுவரை ஏறவிடாதீர்கள். தாத்தா பாட்டியரைத் தவறாது உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கல்வெட்டிலும் இல்லாத வரலாறு அவர்கள் நினைவில் இருக்கின்றது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நன்று.