படகின் சொரசொரப்பு

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணம் கடற்கரை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகிவிட்டன. மரக்காணத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் மச்சானிடம் போகும்போதெல்லாம் நான் கேட்பது படகின் தளத்தைப் பற்றித்தான்.

கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ரெசின் காய்வதற்குள் மணல் தூவிச் செய்தது. ஈரக்காலோடு வலை இழுப்பவருக்கு அதுதான் பிடிமானம். செதிலும் மீன்கொழுப்பும் அந்தச் சொரசொரப்பின் குழிகளில் படிந்தால் போச்சு, கால் நிற்காது. கரையேறியதும் நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நார் பிரஷ் போதும். ஆசிட் வேண்டவே வேண்டாம். கம்பி பிரஷும் கூடாது. மேல்பூச்சு போனால் உள்ளே நீர் இறங்கும். பளபளப்புக்காக மெழுகு பூசுவது அதைவிட ஆபத்து.

வெயிலும் பூச்சைப் பொடியாக்குகிறது. படகு சும்மா கிடக்கும் நாளில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தேய்ந்த இடத்தில் மணல் கலந்த பெயின்ட் அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், மச்சான்மார்களே.