பத்து ரூபாய் காந்தியின் முதுகு

பயன்படுத்திய தபால்தலைக்குத் தரம் போடுவது விநோதமான வேலை. அது தன் கடமையை முடித்துவிட்ட பொருள். முடித்ததற்கான அடையாளம் மேலே இருக்க வேண்டும், ஆனால் ரொம்பவும் இருக்கக் கூடாது. முத்திரை மூலையில் மெலிதாக விழுந்திருந்தால் விலை ஏறும். முகத்தில் கறுப்பாக அப்பியிருந்தால் இறங்கும். ஊரும் தேதியும் படிக்கிற மாதிரி நட்டநடுவில் வட்டமாக விழுந்திருந்தால், அதையே தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

என் கைக்கு வந்தது 1948இன் பத்து ரூபாய் காந்தி. சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்கு, ஆகஸ்ட் 15 அன்று, ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நான்கு தபால்தலைகள் வந்தன. இந்தியிலும் உருதுவிலும் ‘பாபு’ என்று எழுதியிருக்கும். அச்சடித்தது சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம். ராட்டை சுற்றியவருக்குச் சுவிஸ் அச்சு! ஆனால் அந்தப் பழுப்புச் சிவப்பைப் பார்த்தால் கோபம் வராது, அவ்வளவு அழகு.

பெரியப்பா அதை மூர் மார்க்கெட்டில் வாங்கினார். அரை மாதச் சம்பளம் என்பது குடும்பப் புராணம். அவர் போன பிறகு பெரியம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று பேச்சு வந்தபோது, அண்ணன் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தியைப் போட்டார்: 2017இல் நான்கு பத்து ரூபாய் காந்திகள் சேர்ந்த ஒரு துண்டு 5 லட்சம் பவுண்டுக்கு விற்றதாம். செய்தி உண்மைதான். ஆனால் அவை கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சு அடித்தவை. நம்முடையது சாதாரணக் காந்தி, அதிலும் தபாலில் போய் வந்தது. இதை குரூப்பில் சொன்னேன். யாரும் பதில் போடவில்லை.

சாதாரணக் காந்திக்கும் விலை உண்டு, போலிகளும் உண்டு. என்ன விலை என்பதுதான் தரம். கேட்லாக்கில் போட்டிருக்கும் எண் நல்ல நிலையில் உள்ள தபால்தலைக்கானது. நம்முடையது அந்த ‘நல்ல’வுக்கு எவ்வளவு கீழே என்று பார்க்க வேண்டும்.

லென்ஸை வைத்து முதலில் பற்களை எண்ணினேன். தபால்தலையைக் கிழித்தெடுக்கும்போது ஓரத்தில் நிற்கும் அந்தப் பற்களில் ஒன்று குட்டையாக இருந்தாலே தரம் குறையும். இதில் எல்லாம் இருந்தன. அடுத்து, படம் நான்கு வெள்ளை ஓரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? இடது பக்கம் லேசாகச் சாய்வு, மன்னிக்கலாம். நிறம் மங்கவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் ஆல்பத்துக்குள் வரும் துரு நிறப் புள்ளிகளும் இல்லை, இதுவே பெரிய ஆச்சரியம். முத்திரை காந்தியின் தோளோடு நின்றுவிட்டது. மனசுக்குள் ஒரு லட்சணமான எண் ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராமர் புத்தி.

திருப்பிப் போட்டேன்.

முதுகில், நடுவுக்குச் சற்று மேலே, விரல்நகப் பிறை அளவுக்குக் காகிதம் உரிந்திருந்தது. இதைச் சேகரிப்பாளர்கள் ‘தின்’ என்பார்கள். அந்தக் காலத்தில் பசை தடவிய சின்னக் காகிதக் கீலை வைத்துத்தான் ஆல்பத்தில் ஒட்டுவார்கள். அவசரமாகப் பிய்த்தால் தபால்தலையின் தோலும் சேர்ந்து வரும். முன்பக்கம் பார்த்தால் தெரியவே தெரியாது. பென்சினில் நனைத்தால் மெலிந்த இடம் கறுப்பாகத் தெரியும், ஆனால் ஃபோட்டோகிராவூர் அச்சின் சில மைகள் பென்சினில் கரையும் என்பதால் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததே போதுமாக இருந்தது.

இதில் சராசரி எடுக்க முடியாது. பல்லுக்கு இத்தனை, நிறத்துக்கு இத்தனை என்று கூட்டி வகுத்தால் நல்ல மார்க் வரும். ஆனால் சந்தை, இருப்பதிலேயே மோசமான குறையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்துதான் பேரத்தை ஆரம்பிக்கும். ஒரே ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் பில்ட் போகாது என்பதைப் போல. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் வாங்குகிறவன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

படத்தை அனுப்பியதும் ஒரு வியாபாரி போனில் சொன்னார்: “சார், முதுகு படம் போடாதீங்க. கேட்டா பார்த்துக்கலாம்.”

குறையைவிட, குறையை மறைத்தது தெரிந்தால்தான் அடி அதிகம். உரிந்த இடத்தில் காகிதக் கூழ் பூசி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒட்டுப்போட்டது பிறகு வெளியே வந்தால், ஒட்டுப்போடாமல் விட்ட தபால்தலையை விட மலிவாகப் போகும். ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் மட்டும் முடிவு என்னுடையதாகிவிடாதே. ஆபரேஷன் பெரியம்மாவுக்கு.

நேரில் போய்ச் சொன்னேன். முதுகைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூர் மார்க்கெட் எரிஞ்ச வருஷம்டா. அப்புறம் அதே வருஷம் மழை. கீழ் வீட்டுல முழங்கால் தண்ணி. ஆல்பம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. ராத்திரி முழுக்க மெழுகுவத்திய வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா உரிச்சாரு. பாதிக்கு மேல வீணாப்போச்சு.”

எண்பத்தைந்து. அந்த மழையில் தப்பியவற்றில் இது ஒன்று என்பதை எழுதிவைக்க கேட்லாக்கில் இடமில்லை. விளம்பரத்திலும் நான் அதை எழுதவில்லை. ‘பயன்படுத்தியது, பற்கள் முழுமை, முத்திரை தோளில், பின்புறம் தின்’ என்று மட்டும் டைப் செய்து பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“எவ்வளவு குறையும்?”

“பாதிக்கு மேலயே குறையலாம் பெரியம்மா.”

“சரி. முதுகையும் படம் எடுத்துப் போடு” என்றார். பிறகு, “அந்த டார்ச்ச இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, சரியாத் தெரியல.”